அப்ரைசல் ரிவ்யூ போர்டு மேசையில் உட்காருபவர்கள் யார்? அவர்களுக்குச் சம்பளம் தருவது யார்?

தென்றல்76:

டெக்சாஸில் வீடு வைத்திருக்கும் நம் ஆட்கள் கூடினால் ஏப்ரல், மே மாதங்களில் பேச்சு சொத்து வரியில்தான் போய் நிற்கும். புரொட்டெஸ்ட், அதாவது வரிக்காக வீட்டுக்குப் போட்ட மதிப்பை எதிர்க்கும் மனு, எப்படிப் போடுவது என்று கேட்க நான் வரவில்லை. அதற்கு இங்கே நிறைய இழைகள் இருக்கின்றன. என் கேள்வி வேறு.

போன வருடம் அப்ரைசல் ரிவ்யூ போர்டு நடத்தும் ஹியரிங் (விசாரணை) வரை போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர் இருந்தார்கள். மூவருமே ஓய்வு பெற்ற வயது. மரியாதையாகப் பேசினார்கள். ஆனால் நான் காட்டிய ஃபவுண்டேஷன் ரிப்பேர் எஸ்டிமேட்டை ஒருவர் மட்டும்தான் புரட்டிப் பார்த்தார். மதிப்பில் கொஞ்சம் குறைத்தார்கள், ஏன் அவ்வளவு என்று சொல்லவில்லை.

இவர்கள் யார்? அரசு ஊழியர்களா, நீதிபதிகளா, தன்னார்வலர்களா? யார் தேர்ந்தெடுக்கிறார்கள்? சம்பளம் எங்கிருந்து வருகிறது? என் வீட்டு மதிப்பைத் தீர்மானிப்பவர்களைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியவில்லை என்பது உறுத்துகிறது.

கணக்கன்:

நல்ல கேள்வி. முதலில் இரண்டு அமைப்புகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட் என்பது மதிப்பு போடுகிற அலுவலகம். அப்ரைசல் ரிவ்யூ போர்டு என்பது அந்த மதிப்பை எதிர்த்து வருகிறவர்களின் வழக்கைக் கேட்கிற குழு. ஒரே கட்டடம், ஒரே வரவேற்பறை என்பதால் பலரும் இரண்டையும் ஒன்றாகவே நினைக்கிறார்கள்.

இந்த ஏற்பாடு 1979-ல் வந்த பெவெட்டோ சட்டத்தில் பிறந்தது. அதற்கு முன் நகராட்சி, கவுண்டி (மாநிலத்துக்குக் கீழுள்ள நிர்வாகப் பகுதி), பள்ளி மாவட்டம் (பள்ளிகளை நடத்தும் அமைப்பு) ஒவ்வொன்றும் ஒரே வீட்டுக்குத் தனித்தனி மதிப்பு போட்டன. புகார் சொல்லப் போனாலும் அந்தந்த அமைப்பு நியமித்த குழுவிடம்தான் போக வேண்டும். இப்போது மாநிலத்தின் 254 கவுண்டிகளுக்கு 253 அப்ரைசல் டிஸ்ட்ரிக்டுகள். பாட்டரும் ராண்டலும் ஒன்றைப் பகிர்ந்துகொள்கின்றன.

போர்டு உறுப்பினர் ஆக வழக்கறிஞராகவோ மதிப்பீட்டாளராகவோ இருக்க வேண்டியதில்லை. அந்த அப்ரைசல் டிஸ்ட்ரிக்டின் எல்லைக்குள் குறைந்தது 2 ஆண்டு குடியிருந்திருக்க வேண்டும். தடைகள்தான் அதிகம். 1,20,000 பேருக்கு மேல் வாழும் கவுண்டிகளில், அப்ரைசல் டிஸ்ட்ரிக்டில் முன்பு வேலை பார்த்தவர் வரக் கூடாது. நகராட்சி, பள்ளி மாவட்டம் போன்ற வரி வாங்கும் அமைப்பின் நிர்வாகக் குழுவிலோ அதிகாரியாகவோ இருந்தவர், விலகி 4 ஆண்டுகள் கழிந்த பிறகே வரலாம். காசு வாங்கிக்கொண்டு அந்த போர்டு முன் அடுத்தவருக்காக வாதாடியவருக்கு இடமே இல்லை. பதவிக்காலம் 2 ஆண்டு, மூன்று முறைக்கு மேல் இல்லை.

யார் நியமிப்பது என்பதுதான் அடிக்கடி மாறுகிறது. பெரிய கவுண்டிகளில் பல ஆண்டுகள் உள்ளூர் நிர்வாக நீதிபதி நியமித்தார். 2023-ல் சட்டமன்றத்தின் சிறப்புக் கூட்டத்தில் வந்த செனட் பில் 2 அதை மாற்றியது. 75,000 பேருக்கு மேல் உள்ள கவுண்டிகளில் அப்ரைசல் டிஸ்ட்ரிக்டின் இயக்குநர் குழு 9 பேர் கொண்டதாக ஆனது. 5 பேரை வரி வாங்கும் அமைப்புகள் அனுப்பும், 3 பேர் மக்கள் ஓட்டில் வருவார்கள், கவுண்டி வரி வசூல் அதிகாரி ஒருவர். ரிவ்யூ போர்டை இப்போது நியமிப்பது இந்தக் குழுதான். தீர்மானத்தை ஆதரிக்கும் பெரும்பான்மையில் ஓட்டில் வந்தவர்களும் இருந்தாக வேண்டும் என்பது நிபந்தனை.

சம்பளம் என்று ஒன்று கிடையாது. உட்காரும் நாளுக்குப் படி, அதோடு செலவுத் தொகை. எவ்வளவு என்பதை மாநிலம் சொல்வதில்லை. அப்ரைசல் டிஸ்ட்ரிக்டின் பட்ஜெட்டில் அதைத் தீர்மானிக்கிறார்கள். அதனால் கவுண்டிக்குக் கவுண்டி மாறும்.

நெய்தல்:

அப்படியானால் கதை முடிந்ததே! என்னை எதிர்த்து வாதாடுவது அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட். தீர்ப்பு சொல்பவருக்குப் படி போவது அதே டிஸ்ட்ரிக்டின் பட்ஜெட்டிலிருந்து. அந்த பட்ஜெட்டுக்குப் பணம் தருவது நகராட்சியும் கவுண்டியும் பள்ளி மாவட்டமும். அவர்கள் எல்லோருக்கும் என் வீட்டு மதிப்பு ஏறினால் வசதி. ஹியரிங் தேதி குறிப்பது, கோப்பு எடுத்துத் தருவது எல்லாம் அதே அலுவலகத்து ஆட்கள். இதில் நடுநிலை எங்கே இருக்கிறது?

தனி ஒருவர் நேர்மையில்லாதவர் என்று நான் சொல்லவில்லை. அமைப்பையே இப்படிக் கட்டி வைத்தால் நல்ல மனிதர் உட்கார்ந்தாலும் மக்கள் நம்ப மாட்டார்கள். எங்கள் தெருவில் பாதிப் பேர் ஹியரிங்குக்கே போவதில்லை. "எல்லாம் அவங்க ஆளுங்கதான்" என்று சொல்லிவிட்டு வந்த மதிப்புக்கே வரியைக் கட்டிவிடுகிறார்கள்.

மருதநிலம்:

நான் ஒரு பதவிக்காலம் ரிவ்யூ போர்டில் உட்கார்ந்தேன். எந்தக் கவுண்டி என்று சொல்லவில்லை, மன்னிக்கவும். நெய்தல் தம்பி சொல்வதில் உண்மை இருக்கிறது, ஆனால் சிக்கல் அவர் காட்டும் இடத்தில் மட்டும் இல்லை.

படி அந்த பட்ஜெட்டிலிருந்து வருவது உண்மை. ஆனால் நான் மதிப்பைக் குறைத்தாலும் குறைக்காவிட்டாலும் அன்றைய படி ஒன்றுதான். என் பேனலில் (வழக்கைக் கேட்கும் மூவர் குழு) குறைப்பு அதிகம் என்று யாரும் என்னைக் கூப்பிட்டுக் கேட்டதில்லை. கேட்டால் அவர்கள் மாட்டிக்கொள்வார்கள். விசாரணைக்கு வெளியே ஒரு வழக்கைப் பற்றி டிஸ்ட்ரிக்டின் தலைமை அதிகாரியான சீஃப் அப்ரைசரோ அவருடைய ஆட்களோ எங்களோடு பேசுவது கிளாஸ் ஏ குற்றம். நாங்கள் பேசினாலும் அதேதான். ஆகவே காப்பி இயந்திரத்தின் பக்கத்தில் நின்றால்கூட வானிலையைப் பற்றித்தான் பேசுவோம்.

உண்மையான சிக்கல், அந்தப் படிக்கு யார் வர முடியும் என்பது. வேலை முழுவதும் மே மாதம் தொடங்கி ஜூலை வரை குவியும். ஜூலை 20 வாக்கில் மதிப்புப் பதிவேட்டை முடித்தாக வேண்டும். அந்த வாரங்களில் காலையிலிருந்து மாலை வரை ஹியரிங். வேலைக்குப் போகிற யாராலும் அத்தனை நாள் லீவு போட முடியாது. சின்னக் குழந்தை வைத்திருப்பவருக்கு அந்தப் படி டேகேருக்கே போய்விடும். அதனால் மிஞ்சுவது ஓய்வு பெற்றவர்கள், அதிலும் வீட்டுக் கடன் முடிந்தவர்கள். அவர்களில் பலர் 65 வயதுச் சலுகையில் இருப்பவர்கள். பள்ளி வரிக்கு அவர்களுக்கு உச்சவரம்பு உண்டு. புது வீடு வாங்கி, முழு மதிப்புக்கும் வரி கட்டும் முப்பது வயதுக்காரர் அந்த மேசையில் இல்லவே இல்லை. மனசாட்சியோடு கேட்பார்கள், கெட்டவர்கள் இல்லை. ஆனால் 400 டாலர் வரி ஒரு மாத பட்ஜெட்டை என்ன செய்யும் என்பது அவர்களில் பலருக்கு மறந்து போயிருக்கும்.

பயிற்சியையும் சொல்ல வேண்டும். மாநிலத்தின் நிதி அதிகாரியான கம்ப்ட்ரோலர் அலுவலகத்தின் வகுப்பு, குறைந்தது 8 மணி நேரம். மறு ஆண்டு 4 மணி நேரம். அதை முடிக்காமல் ஹியரிங்கில் உட்கார முடியாது. சட்டத்தையும் நடைமுறையையும் ஓரளவு நன்றாகவே சொல்லித் தருகிறார்கள். ஆனால் ஒரு வணிக வளாகத்தின் வாடகை வருமானத்தை வைத்து மதிப்பு போடுவதை எட்டு மணி நேரத்தில் யாரும் கற்றுக்கொள்ள முடியாது. எதிரே இருப்பவர் அதையே பிழைப்பாகச் செய்யும் கன்சல்டன்ட். நாங்கள் மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்ட நாட்கள் உண்டு.

தென்றல் கேட்ட கேள்விக்கும் வருகிறேன். ஒரு வீட்டு ஹியரிங்குக்குச் சுமார் 15 நிமிடம் ஒதுக்குவார்கள். அதற்குள் இரு தரப்பும் பேசி, நாங்களும் கலந்து பேசி, எண் சொல்ல வேண்டும். உங்கள் எஸ்டிமேட் முப்பது பக்கம் இருந்தால் அதை யாரும் படிக்கப் போவதில்லை. நாங்களாக வெளியே எதையும் தேடிப் பார்க்கவும் கூடாது. மேசைக்கு வந்த ஆதாரம் மட்டும்தான் கணக்கு.

தென்றல்76:

மருதநிலம் ஐயா, மிக்க நன்றி. இவ்வளவு வெளிப்படையாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ஒன்று மட்டும் புரியவில்லை. மூவரில் ஒருவர்தான் புரட்டினார் என்றேனே, மற்ற இருவர் பார்க்காமலேயே ஓட்டுப் போடலாமா?

மருதநிலம்:

போடலாம், நடக்கவும் செய்கிறது. அதனால்தான் நான் எல்லோரிடமும் சொல்வது, மூன்று பிரதி கொண்டுபோங்கள், முதல் பக்கத்தில் நீங்கள் கேட்கும் எண்ணும் அதற்கான காரணமும் இருக்கட்டும். ஹியரிங் முடிந்ததும் கம்ப்ட்ரோலரின் சர்வே ஒன்று வரும். அதைப் பெரும்பாலோர் நிரப்புவதில்லை. பேனல் ஆதாரத்தைப் பார்த்ததா என்று எழுத அதுதான் இடம்.

செம்பருத்தி:

நான் நியூ ஜெர்சி, எடிசன் பக்கம். இங்கே அமைப்பு முற்றிலும் வேறு. கவுண்டி போர்டு ஆஃப் டாக்சேஷன் என்று இருக்கிறது. கமிஷனர்களை ஆளுநர் நியமிக்கிறார், மாநில செனட் ஒப்புதல் தர வேண்டும். ஒரே கட்சிக்காரர்களால் போர்டை நிரப்ப முடியாது. நாள் படி இல்லை, ஆண்டுச் சம்பளம். அது சட்டத்தில் வரையறுத்த தொகை.

அப்பீல் போட இங்கே கட்டணம் உண்டு. மதிப்பு 1,50,000 டாலருக்குக் கீழ் என்றால் 5 டாலர், 5,00,000 வரை 25, 10 லட்சம் வரை 100, அதற்கு மேல் 150. டெக்சாஸில் புரொட்டெஸ்டுக்குக் கட்டணமே இல்லை என்று அண்மையில்தான் தெரிந்துகொண்டேன்.

ஆனால் ஆளுநர் நியமிப்பதால் சுத்தமாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். உள்ளூர்க் கட்சிக்காரர்களின் சிபாரிசு இல்லாமல் அந்தப் பட்டியலில் பெயர் ஏறுவது கஷ்டம் என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

கடலோரம்:

கலிஃபோர்னியாவில் தகுதியை வைத்து வடிகட்டுகிறார்கள். 2,00,000 பேருக்கு மேல் உள்ள கவுண்டிகளில் அசெஸ்மென்ட் அப்பீல்ஸ் போர்டில் உட்கார, சிபிஏ (உரிமம் பெற்ற கணக்காளர்), வழக்கறிஞர், ரியல் எஸ்டேட் புரோக்கர், அங்கீகாரம் பெற்ற மதிப்பீட்டாளர் இவர்களில் ஒருவராக, மாநிலத்தில் 5 ஆண்டு தொழில் அனுபவத்தோடு இருக்க வேண்டும். அசெசர் (சொத்துக்கு மதிப்பு போடும் அதிகாரி) அலுவலகத்தில் வேலை பார்த்தவர் 3 ஆண்டு வரை வர முடியாது. கவுண்டி சூப்பர்வைசர்கள் நியமிக்கிறார்கள், படியையும் அவர்கள்தான் தீர்மானிக்கிறார்கள்.

மருதநிலம் ஐயா சொன்ன வணிக வளாகச் சிக்கலுக்கு இது ஓரளவு மருந்து. எதிரே கன்சல்டன்ட் வருமானக் கணக்கைப் பேசினால் புரிந்துகொள்ள ஆள் இருக்கும். டெக்சாஸும் இதைச் செய்யலாமே?

கணக்கன்:

டெக்சாஸ் பாதி செய்திருக்கிறது. 2019 சீர்திருத்தத்தில் மிகப் பெரிய கவுண்டிகளில், பெரிய மதிப்புள்ள வணிகச் சொத்துகளுக்கு மட்டும் சிறப்பு பேனல் கேட்கலாம் என்று கொண்டுவந்தார்கள். சட்டம், மதிப்பீடு போன்ற துறைகளில் படிப்போ அனுபவமோ உள்ளவர்கள் அதில் உட்காருவார்கள். அதே சட்டத்தில் நமக்கும் ஒரு நல்லது நடந்தது. புரொட்டெஸ்ட் போட்டதால் போர்டு உங்கள் மதிப்பை ஏற்ற முடியாது, நீங்களே கேட்டால் ஒழிய.

தேர்தலே வைத்துவிடலாம் என்று அடுத்து யாராவது சொல்வீர்கள். அதற்கு முன் சிகாகோவைப் பாருங்கள். குக் கவுண்டி போர்டு ஆஃப் ரிவ்யூவில் மூன்று கமிஷனர்கள், மூவரும் மக்கள் ஓட்டில் வருகிறவர்கள், முழுநேரச் சம்பளம், கீழே ஆய்வாளர்கள் அடங்கிய பெரிய அலுவலகம். காகிதத்தில் அருமையான அமைப்பு. ஆனால் தேர்தல் என்றால் நன்கொடை வேண்டும். அந்த நன்கொடையில் கணிசமான பங்கு, அதே போர்டு முன் வாதாடும் சொத்து வரி வழக்கறிஞர்களிடமிருந்து வந்தது. இல்லினாய் சட்டமன்றத் தலைவராகப் பல பத்தாண்டுகள் இருந்த மைக்கேல் மேடிகனும் சிகாகோ கவுன்சிலர் எட்வர்ட் பர்க்கும் சொத்து வரி அப்பீல் தொழில் நடத்தியவர்கள். பர்க் தன் பதவியைக் காட்டி அந்தத் தொழிலுக்கு வாடிக்கையாளர் பிடிக்க முயன்ற வழக்கில் 2023 டிசம்பரில் குற்றவாளி என்று தீர்ப்பானது. 2017-ல் வந்த பத்திரிகை ஆய்வுகள் காட்டியது, மலிவான வீட்டுக்கு உண்மையை விடக் கூடுதலான மதிப்பும் விலையுயர்ந்த வீட்டுக்குக் குறைவான மதிப்பும் போடப்பட்டிருந்தன, அப்பீல் அந்த இடைவெளியை இன்னும் அகலமாக்கியது என்பதை. அடுத்த ஆண்டு அசெசர் ஜோசஃப் பெரியோஸ் ஃப்ரிட்ஸ் கேகியிடம் தோற்றார்.

நெய்தல்:

சரி, தேர்தலும் தீர்வில்லை என்று ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். எங்கே போனாலும் காசு உள்ளவருக்கு ஆள் இருக்கிறது. டெக்சாஸில் விற்பனை விலையை வெளியே சொல்ல வேண்டும் என்ற சட்டமே இல்லை. பக்கத்து வீடு என்ன விலைக்குப் போனது என்று எனக்குத் தெரியாது. டிஸ்ட்ரிக்டுக்கும் கன்சல்டன்டுக்கும் தெரியும். நான் வாங்கிய சம்பளத்தில் வரி கட்டி, ஆபீஸில் லீவு போட்டு, பாதித் தகவலோடு போய் நிற்கிறேன்.

வணிகக் கட்டடங்கள் மதிப்பைக் குறைத்துக்கொண்டு போனால் அந்த வருமானம் எங்கும் மறைந்துவிடுவதில்லை. வரி விகிதம் அதற்கேற்ப நிர்ணயமாகும். போராடாதவன் தலையில் அது விழும். ஆகவே போர்டில் யார் உட்காருகிறார்கள், அவர்களுக்குப் போதிய நேரமும் படிப்பும் இருக்கிறதா என்பது புரொட்டெஸ்ட் போடாதவர்களுக்கும் முக்கியம். இதைத்தான் நான் தெருவில் சொல்லிப் பார்க்கிறேன்.

மருதநிலம்:

தம்பி, கடைசியில் சொன்னது முழுக்க சரி. தகவல் விஷயத்தில் ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். டிஸ்ட்ரிக்ட் ஹியரிங்கில் காட்டப் போகும் ஆதாரத்தைக் குறைந்தது 14 நாள் முன்னால் தர வேண்டும், நீங்கள் கேட்டிருந்தால். கேட்டும் தராவிட்டால் அதை அவர்கள் ஹியரிங்கில் பயன்படுத்த முடியாது. நிறையப் பேர் கேட்பதே இல்லை. மதிப்பை நிரூபிக்கும் பொறுப்பும் முதலில் டிஸ்ட்ரிக்டுக்குத்தான். "உங்கள் எண் தவறு" என்று நிரூபிக்கும் வேலை உங்களுடையது என்று யாராவது பேசினால் சட்டம் அப்படிச் சொல்லவில்லை என்று பணிவாகச் சொல்லுங்கள். பேனல் கேட்டுக்கொள்ளும்.

போர்டை எப்படிச் சரி செய்வது என்பதில் என் கருத்து இது. படிக்கு ஒரு குறைந்தபட்சத் தொகையை மாநிலம் நிர்ணயிக்கட்டும். அந்தப் பணம் அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட் வழியாக வராமல் கம்ப்ட்ரோலர் வழியாக வரட்டும். செலவு பெரிதல்ல, சந்தேகத்தின் வேர் அறும். இன்னொன்று, மாலை நேர பேனலுக்கென்றே தனியாக ஆள் எடுக்க வேண்டும். வீட்டுக்காரர் கேட்டால் மாலையிலோ சனிக்கிழமையிலோ ஹியரிங் தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. வருகிறவருக்கு அந்த வசதி உண்டு என்றால், உட்காருகிறவருக்கும் அதைத் தரலாமே. பகலில் வேலை பார்க்கும் செவிலியரோ எலக்ட்ரீஷியனோ வாரத்தில் இரண்டு மாலை வந்து உட்கார்ந்தால் அந்த மேசையின் முகமே மாறிவிடும்.

போர்டு தீர்ப்பு பிடிக்காவிட்டால் கட்டாயமாகக் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. பைண்டிங் ஆர்பிட்ரேஷன், அதாவது இரு தரப்பையும் கட்டுப்படுத்தும் நடுவர் தீர்ப்பு, இருக்கிறது. குடியிருக்கும் வீட்டுக்கு 5,00,000 டாலர் வரை மதிப்பு என்றால் வைப்புத்தொகை 450. ஆர்பிட்ரேட்டரின் எண் உங்கள் எண்ணுக்குப் பக்கத்தில் வந்தால் அவருடைய கட்டணத்தை டிஸ்ட்ரிக்ட் தரும், உங்கள் பணத்தில் 50 போக மீதி திரும்பும். எதிர்ப்பக்கம் வந்தால் ஆர்பிட்ரேட்டரின் கட்டணம் உங்கள் வைப்புத்தொகையிலிருந்து போகும். தோற்றவர் கூலி தரும் இந்த முறையில் யார் பணம் என்ற சந்தேகத்துக்கே இடமில்லை. போர்டு ஆணை கையில் வந்து 60 நாளுக்குள் போட வேண்டும்.

மல்லிகைப்பந்தல்:

எல்லாவற்றையும் படித்தேன். போர்டுக்கு விண்ணப்பிக்கலாம் என்று ஆசை வந்துவிட்டது. ஆனால் நான் ஹெச்1பி. என் மாமனார் அமெரிக்கக் குடிமகன், பொதுத்துறை வங்கியில் கிளை மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர், எங்களோடு நாலைந்து வருடமாக இருக்கிறார். அடமானக் கடன் கோப்புகளை வாழ்நாள் முழுக்கப் பார்த்தவர். அவர் விண்ணப்பிக்கலாமா? எங்கள் வீட்டுக்கே வருடா வருடம் புரொட்டெஸ்ட் போடுகிறோம், அது தடையாகுமா?

கணக்கன்:

ஹெச்1பியில் இருந்துகொண்டு வேறு இடத்தில் படி வாங்குவது விசா நிபந்தனைக்கு ஒத்துவராது, அதை விட்டுவிடுங்கள். மாமனார் விண்ணப்பிக்கலாம், டிஸ்ட்ரிக்டில் 2 ஆண்டு குடியிருப்பு தாண்டிவிட்டதே. சொத்து வரி 60 நாளுக்கு மேல் பாக்கி இருக்கக் கூடாது. நெருங்கிய உறவினர் யாராவது அதே டிஸ்ட்ரிக்டில் காசுக்கு வரி வழக்கு எடுத்து நடத்தினால் அதுவும் தடை.

பதவிக்காலம் ஜனவரி 1-ல் தொடங்கும், எனவே விண்ணப்பம் முந்தைய ஆண்டிலேயே போக வேண்டும். பெரிய கவுண்டிகளில் டாக்ஸ்பேயர் லையசான் ஆபீசர் (வரி கட்டுவோருக்கான தொடர்பு அதிகாரி) என்று ஒருவர் இருப்பார், அவரிடம் கேளுங்கள். இயக்குநர் குழுவுக்கு 2024 மே மாதம் முதல் முறையாக ஓட்டில் வந்த மூவரின் காலம் 2026 டிசம்பரோடு முடிகிறது, அடுத்த தேர்தல் 2026 நவம்பரில். போர்டை நியமிப்பது அவர்கள் என்பதால், ஓட்டுரிமை உள்ளவர்கள் அந்தப் பெயர்களையும் வாக்குச்சீட்டின் அடியில் தேடிப் பாருங்கள்.

மருதநிலம்:

வங்கிக் கோப்பு பார்த்தவர் என்றால் உடனே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள் அம்மா, அப்படிப்பட்ட கண் அந்த மேசைக்குத் தேவை. வீட்டுக்கு புரொட்டெஸ்ட் போடுவது தடையில்லை. ஆனால் தனக்கோ நெருங்கிய உறவுக்கோ சம்பந்தப்பட்ட வழக்கில் உறுப்பினர் உட்காரக் கூடாது, மகன் மருமகள் வீடும் அதில் அடங்கும். உங்கள் ஹியரிங்கை வேறு பேனல் கேட்கும். அதைப் பற்றி அவர் அந்த பேனல்காரர்களிடம் ஒரு வார்த்தையும் பேசக் கூடாது என்பதை இப்போதே சொல்லி வையுங்கள்.